திங்கள் முதல் 22 நாள்: சங்கீதம் 119

அன்பான ஜெபக்குழு உறவுகளே, ஸ்தோத்திரம்.

வரும் திங்கள் முதல் வேதாகமத்தின் சங்கீதம் 119-ஐ வைத்துச் சேர்ந்து ஜெபிக்கப்போகிறோம். மொத்தம் 176 வசனம். அது எழுதப்பட்ட எபிரெய மொழியில் எழுத்துகள் 22. எழுத்துக்கு எட்டு வசனமாகப் பாடியிருக்கிறார்கள். அதனால் நாளுக்கு ஓர் எழுத்து போதும்.

எட்டு வசனத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். அப்புறம் மனதில் தைத்த ஒரே வசனத்தை எடுத்து, உங்கள் சொந்த வார்த்தையில் கர்த்தரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பெரிய ஜெபம் வேண்டாம். பால் பொங்குகிற நேரத்துக்குள் அடுப்படியில் நின்றே முடித்த நாட்கள் எனக்கு உண்டு.

நான்காம் நாளை மட்டும் அவசரமில்லாமல் வாசியுங்கள். அங்கே 25-ஆம் வசனத்தில், சங்கீதக்காரர் தன் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஜெபமே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வந்தது, அதோடு ஜெபமும் வந்தது. சோர்ந்திருப்பவர்கள் தைரியமாக அங்கிருந்தே தொடங்கலாம்.

காலை 5 மணிக்கு அன்றைய பகுதியைக் குழுவில் போட்டுவிடுகிறேன். வாசித்ததும் பிடித்த வசனத்தின் எண்ணை மட்டும் போடுங்கள், அது போதும். ஒரு நாள் விட்டுப்போனால் வருத்தப்படாமல் அன்றைய பகுதியிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். இந்த 22 நாளும் ஃபார்வர்ட் செய்திகள், பிறந்தநாள் படங்கள் வேண்டாம். ஜெப விண்ணப்பங்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.