கிடா விடும் முன் முதுகைத் தொட்டுப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். சேலம் கருப்பு இன வெள்ளாட்டுக்குத் தோல் எப்போதும் மினுமினுப்பாகத்தான் இருக்கும். மேய்ந்து வந்த வயிறோடு நிற்கும்போது எடுத்த படத்தில் எல்லாமே தேறின ஆடாகத் தெரிகிறது. ஆவணியில் பெட்டைகளைச் சினைக்குச் சேர்க்கக் கிடா விடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கண்ணு. கையால் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆடி பிறந்ததுமே தொட்டுப் பார்த்துவிடு. ஆட்டின் உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்குத் தொட்டுப் பார்த்து மார்க் போடுவோம்; மெலிந்த ஆடு அதில் ஒரு மார்க் ஏற நல்ல தீனியிலும் ஆறு வாரமாவது பிடிக்கும். கிடா விடும் அன்று பார்த்து ஒரு பயனும் இல்லை.

காலையில் மேய்ச்சலுக்குத் திறக்கும் முன் பார். சமமான தரையில் நாலு காலும் ஊன்றி நிற்கட்டும். பிடித்த வேகத்தில் தொடாதே. மிரண்ட ஆடு முதுகை இறுக்கிக்கொள்ளும், சதை இல்லாததும் இருப்பதுபோல் தெரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகின் மேல் உள்ளங்கையை வை. நடுவில் முள்ளாக நிற்பது தண்டெலும்பு. அதிலிருந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்புகளின் நுனியை விரலால் தேடு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சதைதான் நமக்கு வேண்டிய கணக்கு.

மார்க் 1 முதல் 5 வரை, நடுவில் அரை மார்க்கும் போடலாம். தண்டெலும்பு கத்திமுனையாகக் குத்தி, பக்க எலும்புக்கு அடியில் விரல் தடையில்லாமல் நுழைந்தால் 1. எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தாலும், மேலே கொஞ்சம் சதை ஓடி, விரலை அழுத்தினால்தான் அடியில் போகிறது என்றால் 2. தண்டெலும்பு மழமழவென்று இருந்து, பக்க எலும்பின் நுனி அழுத்தித் தேடினால் மட்டும் கிடைத்தால் 3. அழுத்தியும் கிடைப்பது கஷ்டம் என்றால் 4. எலும்பே தட்டுப்படாமல் கொழுப்பில் முழுகியிருந்தால் 5. சந்தேகம் வந்தால் உன் கையையே அளவாக வைத்துக்கொள்: மூடிய முஷ்டியின் கணுக்களைத் தடவுவதுபோல் இருந்தால் மெலிவு, விரித்த கையின் புறங்கைபோல் இருந்தால் சரி, உள்ளங்கைச் சதைபோல் இருந்தால் கொழுப்பு.

செம்மறிக்கு முதுகு மட்டும் போதும். வெள்ளாடு அப்படி இல்லை. அது கொழுப்பை முதலில் வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்த்துவிட்டு, முதுகுக்குக் கடைசியில்தான் கொடுக்கும். அதனால் முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டு நெஞ்செலும்பின் மேல் இருக்கிற கொழுப்பையும் பிடித்துப் பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகச் சிக்கி இப்படியும் அப்படியும் அசைந்தால் ஆடு மெலிவு. தடித்து, பிடிக்க முடிந்தும் அதிகம் அசையாவிட்டால் 3. பிடியே கிடைக்காவிட்டால் 4க்கு மேல். முதுகும் நெஞ்சும் வேறு வேறு சொன்னால் இரண்டையும் எழுதி, நடுவில் ஒரு மார்க் போடு. நீயும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். ஆளுக்கு ஆள் அரை மார்க் வித்தியாசம் வரும். யாராவது ஒருவர் கையே இருக்கட்டும். காது எண்ணோடு நோட்டில் எழுதி வை.

கிடா சேரும்போது 2.5 முதல் 3 வரை இருக்க வேண்டும். 2க்குக் கீழே இருக்கிற பெட்டை பருவத்துக்கு வராமலே போகலாம். வந்தாலும் ஒற்றைக் குட்டிதான், பாலும் இருக்காது. அதைத் தனியே ஒதுக்கி, தீனி போடும் முன் காரணத்தைத் தேடு. கீழ் இமையைப் பிதுக்கிப் பார். சிவந்திருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு இருக்கிறது. கீழ்த்தாடையில் நீர் கோத்திருந்தால் முற்றிவிட்டது. புழுவை வைத்துக்கொண்டு பிண்ணாக்கு போடுவது வீண் செலவு. மருந்தை எடைக்குத் தகுந்தபடி மருத்துவரிடம் கேட்டுக் கொடு, குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுப்பதாக இருந்தால் கிடா விடும் முன்பே முடித்துவிடு; சினையின் முதல் மாதத்தில் அது கருவைக் கெடுக்கும். இமை சிவப்பாக இருந்தும் மெலிந்தால் வாயைத் திறந்து பல்லைப் பார், குளம்பைத் தூக்கிப் பார். இரண்டும் நன்றாக இருந்தால் தீனித் தொட்டி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார். கொம்புக்காரி ஒருத்தி மற்றதை அண்டவிடாமல் முட்டிக்கொண்டிருப்பாள். கொட்டிலில் பாதி மெலிவு அதனால்தான்.

2, 2.5 மார்க் ஆடுகளுக்குக் கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கி, விட்ட பிறகு மூன்று வாரம் வரை, ஆடு ஒன்றுக்கு நாளுக்கு 250 கிராம் அடர்தீவனம் கொடு. 100 கிலோவுக்கு நொறுக்கிய மக்காச்சோளம் 42, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 35, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதல் நாளே 250 கிராமைக் கொட்டிவிடாதே. 50 கிராமில் ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் ஏற்று. ஒரேயடியாகத் தானியம் போனால் வயிறு புளித்து, கழிந்து, ஆடு படுத்துவிடும். ஏற்கெனவே 3.5 இருக்கிற ஆட்டுக்கு இந்தக் கூடுதல் தீனியால் இரட்டைக் குட்டி வந்துவிடாது, காசுதான் போகும். அதற்கு மேய்ச்சலும் கடலைக்கொடியும் அகத்தியும் போதும்.

4க்கு மேல் இருப்பதை இப்போதே இளைக்க வை. அடர்தீவனத்தை நிறுத்து, தூரமாக ஓட்டி மேய். சினை பிடித்தபின், முக்கியமாகக் கடைசி ஆறு வாரத்தில், தீனியைக் குறைக்கவே கூடாது. குட்டி வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்தக் கடைசி 50 நாளில்தான். கொழுத்த ஆட்டுக்கு வயிற்றுக்குள் கொழுப்பும் இரட்டைக் குட்டியும் இடத்தை அடைத்துக்கொள்ள, தின்ன முடியாமல் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலைத் தாக்கும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும், பல்லை நறநறக்கும், தீனியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அப்படி ஒன்று கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே மருத்துவரைக் கூப்பிடு. எலும்பும் தோலுமாக இரட்டை சுமக்கிற ஆட்டுக்கும் இதே நோய் வரும்.

முதல் ஈற்றுக்கு வரும் இளம் பெட்டைகளுக்கு வயதை மட்டும் பார்த்துக் கிடா விடாதே. 20 கிலோ நிற்கட்டும். அதற்குக் கீழே சினையானால் தானும் வளராது, குட்டியும் தேறாது.

கிடாவின் முதுகையும் தொட்டுப் பார். அதற்கு 3 முதல் 3.5. கிடா விட்ட பிறகு அவன் தீனி தின்ன மாட்டான், மளமளவென்று இறங்கிவிடுவான். விதைகள் இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக இருக்க வேண்டும். காய்ச்சல் கண்ட கிடாவுக்கு நல்ல விந்து திரும்ப ஊற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அதனால் சமீபத்தில் படுத்து எழுந்தவனை நம்பாதே. மாப்பிள்ளை அவனுக்குப் பாசத்தில் தவிட்டை அள்ளிப் போடுகிறாராம், வேண்டாமென்று சொல். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், மூத்திரப்பையில் கல் கட்டும். 25 பெட்டைக்கு மேல் ஒரு கிடாவிடம் விடாதே.

கிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த காவியைத் தடவி விடு. எந்தப் பெட்டையின் முதுகில் காவி ஒட்டுகிறதோ அதன் எண்ணையும் தேதியையும் நோட்டில் ஏற்று. வாரம் ஒருமுறை நிறத்தை மாற்று. 18 முதல் 21 நாளில் அதே ஆட்டின் மேல் புது நிறம் வந்தால் சினை நிற்கவில்லை. நின்றதற்கு 150 நாள் கூட்டி வை, ஆவணியில் சேர்ந்தது தையில் ஈனும். கார்த்திகையில், சினை 90, 100 நாள் ஆகும்போது எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார். ஈனும்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அப்போது சரிக்கட்ட நேரம் இருக்கும்.

அப்பா