கிளார்க்கோடு கதைத்துப் பார், மகன்

அன்பு மகனுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. நீண்டகாலக் குத்தகையில், அதாவது லீஸில், இருக்கிற உன் வீட்டின் கூரை வேலைக்கு உன் பங்கு 14,600 பவுண் என்று கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பனி அனுப்பிய கடிதம் ஒரு பக்கம். "பாரிஸ்டர் சேம்பர்ஸுக்கு எடுத்தேன் அம்மா, கிளார்க்தான் கதைத்தார், வைத்துவிட்டேன்" என்று நீ சொன்னது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் என்னை அரித்தது. சொலிசிட்டர் அலுவலகத்தில் இருந்த 22 வருடமும் நான் நாள்தோறும் தேடித்தேடித் தொலைபேசி எடுத்தது அந்தக் கிளார்க்குகளுக்குத்தான். வாயால் சொன்னால் நீ இடையில் அவசரப்படுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நம் ஆட்களுக்கு அந்தச் சொல்லே ஓர் இடறல். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் உன் அம்மப்பா கிளாக்கர். கோப்புக் கட்டி, கடிதம் எழுதி, மேலதிகாரி வரும்போது எழுந்து நின்றவர். அவரை நினைத்துக்கொண்டு, மன்றில் நின்று வாதாடுகிற பாரிஸ்டரின் கிளார்க்கை எடைபோடாதே. ஒரு சேம்பர்ஸில் முப்பது, ஐம்பது பாரிஸ்டர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் தனித்தனியாகச் சுயதொழில் செய்கிறவர்கள். கட்டட வாடகையையும் அலுவலகச் செலவையும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். யார் எந்த நாளில் எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கு யாருக்கு, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் கிளார்க்குகளின் கையில். பணம் பேசுவதும் அவர்கள்தான். பதினேழு வயதில் வழக்குக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி லண்டன் ஸ்ட்ராண்ட் தெரு நீதிமன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போன பையன், இருபது வருடத்தில் சீனியர் கிளார்க் ஆனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். யார் பயந்த கட்சிக்காரரோடு பொறுமையாக இருப்பார், யார் கணக்குப் புத்தகத்தைத் துருவிப் பார்ப்பார், யார் வாயால் கெட்டிக்காரர், யார் எழுத்தில் கெட்டிக்காரர், எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இப்போது சில இடங்களில் பிராக்டிஸ் மனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வேலை பழைய வேலைதான்.

ஊரில் முன்பு வழக்கு என்று வந்தால் முதலில் பிரக்கிராசியிடம் போவார்கள். மன்றில் நின்று பேச அவர் அப்புக்காத்து ஒருவரைப் பிடித்துத் தருவார். 1973ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பேரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்று ஒரே பெயர் வைத்தது. இங்கிலாந்தில் சொலிசிட்டர், பாரிஸ்டர் என்று அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் 2004 முதல், பப்ளிக் அக்சஸ் என்ற முறையில், சொலிசிட்டர் இல்லாமலே பொதுமக்கள் பாரிஸ்டரிடம் நேரே போகலாம். அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் மட்டும்தான் அப்படி எடுப்பார்கள். நேரே போனால் சில வேலை உன் தலையில் விழும். விண்ணப்பம் தாக்கல் செய்வது, எதிர்த்தரப்புக்குக் கடிதம் அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் நீதான். சின்ன வயதிலேயே பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக்கூடத் தேதி வாரியாகக் கோத்து வைத்த பிள்ளை நீ, உன்னால் முடியும்.

அப்பா லண்டன் டூட்டிங்கில் கடை வைத்திருந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். லீஸ் முடிந்து புதுப்பிக்கும் நேரத்தில் கட்டடச் சொந்தக்காரன் வாடகையை அநியாயமாகக் கேட்டான். அப்பாவுக்கு ஒரே பிடிவாதம், கியூ.சி. பட்டம் வாங்கிய பேர் பெற்ற மூத்த பாரிஸ்டர் ஒருவர்தான் வேண்டும் என்று. (அவர்களுக்கு 2022இலிருந்து கே.சி. என்று பெயர்.) நான் அந்தச் சேம்பர்ஸுக்கு எடுத்தேன். கிளார்க் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருடைய கட்டணம் நீங்கள் சண்டை பிடிக்கும் தொகையைத் தின்றுவிடும். கடை லீஸ் மட்டுமே செய்கிற ஜூனியர் ஒருவர் இருக்கிறார், ஒன்பது வருட அனுபவம், அவரோடு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள்" என்றார். பெரிய கட்டணம் வந்தால் சேம்பர்ஸுக்குத்தானே லாபம்? அந்த மனிதர் அதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசினார். ஜூனியர் என்ற சொல்லைக் கண்டு அப்பா முகம் சுளித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. கே.சி. ஆகாதவர் எல்லோரும் ஜூனியர்தான் மகன், தலை நரைத்தவராக இருந்தாலும். அந்த ஜூனியர் பெண் சொன்ன வழியில் போய், நீதிமன்றத்துக்குப் போகாமலே வாடகையை முடித்தோம். நாங்கள் உள்ளே இருந்தபோது நீ வெளியே, சேம்பர்ஸ் இருக்கிற மிடில் டெம்பிள் வளாகத்தில், அந்த நீரூற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாய்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி, வேலை செய்யப் போகிறோம் என்ற முதல் கடிதம் வந்தது, விலைமதிப்புகளோடு வரவேண்டிய இரண்டாவது கடிதம் வரவேயில்லை. 1985ஆம் ஆண்டு லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20ஆம் பிரிவு, லீஸில் இருக்கிற ஒருவர் தலையில் 250 பவுணுக்கு மேல் விழுகிற வேலை என்றால் முதலில் கலந்து பேச வேண்டும் என்கிறது. பேசாவிட்டால் அந்த 250க்கு மேல் வாங்க முடியாது. இதைப் படித்துவிட்டு வென்றாயிற்று என்று இருந்துவிடாதே. இந்த மாதிரி வழக்குகளைக் கேட்கிற தீர்ப்பாயத்திடம் கம்பனி விலக்குக் கேட்கலாம். 2013இல் டேஜான்-பென்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலந்து பேசாததால் உனக்கு உண்மையில் என்ன நட்டம் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதனால்தான் உனக்குச் சும்மா ஒரு சொத்து வழக்கு பாரிஸ்டர் போதாது. லீஸில் இருப்பவர்கள் கட்டடச் செலவுக்குக் கட்டுகிற சேவைக் கட்டண வழக்குகளில், தீர்ப்பாயத்தில் நின்று பழகியவர் வேண்டும். அந்த வித்தியாசம் இணையத்தளத்தில் இருக்கிற படத்திலும் புகழுரையிலும் தெரியாது. கிளார்க்குக்குத் தெரியும்.

ஆகவே மறுபடி எடு. நல்ல பாரிஸ்டர் வேண்டும் என்று தொடங்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்படித்தான் கேட்டேன். எந்த நீதிமன்றம், எப்போது, எவ்வளவு தொகை என்று கிளார்க் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுப்பேன். நீயும் எழுது: வீடு எங்கே, கம்பனியின் முழுப் பெயர், தொகை, எந்தத் தேதியில் எந்தக் கடிதம், ஏதாவது கெடு இருக்கிறதா, எவ்வளவு செலவழிக்க முடியும். கம்பனிப் பெயரை முதலிலேயே சொல்லு. நீ அணுகுகிற பாரிஸ்டர் ஏற்கெனவே அந்தக் கம்பனிக்கு வேலை செய்கிறாரா என்று அவர்கள் பார்க்க வேண்டும். கையிலிருக்கும் பணத்தைச் சொல்ல வெட்கப்படாதே. அதைச் சொன்னால்தான் கிளார்க் உனக்கேற்ற ஆளைக் காட்டுவார்.

அப்புறம் நீயும் கேள். இதே மாதிரி வழக்கை அவர் கடைசியாக எப்போது செய்தார்? எந்தப் பக்கத்துக்காக? கம்பனிகளுக்காகவே நின்றவர் என்றால் கெட்டதில்லை, அவர்களின் வழி அவருக்குத் தெரியும். விசாரணை நாளில் அவருடைய வேறு வழக்கு நீண்டுவிட்டால் உன்னுடையது யார் கைக்குப் போகும்? இதை நான் எப்போதும் கேட்பேன். முதல்நாள் மாலை ஆறு மணிக்கு, ஆள் மாறிவிட்டது என்று செய்தி வந்து, ஒரு வயோதிப அம்மா எங்கள் அலுவலகத்தில் அழுததை என்னால் மறக்க முடியாது.

கட்டணத்தில் பிழை விடாதே. முதலில் எழுத்தில் ஓர் ஆலோசனை, அதற்கு ஒரு நிலையான தொகை என்று கேள். உன் கடிதங்களையும் லீஸையும் பார்த்து, வழக்கில் பலம் இருக்கிறதா என்று அவர் எழுதித் தரட்டும். பலம் இல்லையென்றால் அதோடு நின்றுவிடலாம். விசாரணைக்குப் பிரீஃப் கட்டணம் என்று தனியாக இருக்கும். ஆயத்தமும் முதல் நாளும் அதற்குள் அடங்கும், இரண்டாம் நாள் போனால் மேலதிகம். சொன்ன தொகையில் வாட் வரி 20 வீதம் சேர்ந்ததா என்று கேள். சமாதானமாகிவிட்டால் பிரீஃப் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கு. கட்டணம் கூட என்றால் பணிவாகச் சொல்லு. பேரம் பேசுவது அவர்களின் அன்றாட வேலை, கோபிக்க மாட்டார்கள். உன் வழக்கை எடுக்க முடியாது என்றாலும் மனம் நோகாதே. நேரே வருகிற கட்சிக்காரரை மறுக்கப் பாரிஸ்டருக்கு உரிமை உண்டு. வேறு யார் பொருத்தம் என்று அதே கிளார்க்கிடம் கேள். மற்றச் சேம்பர்ஸின் பெயரைக்கூடச் சொல்லுவார்கள்.

பெயர் கிடைத்ததும், பணம் கட்டுமுன், பாரிஸ்டர்களைக் கண்காணிக்கிற பார் ஸ்டான்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் பார். அனுமதி நடப்பில் இருக்கிறதா, பப்ளிக் அக்சஸ் இருக்கிறதா, ஒழுக்க நடவடிக்கை ஏதும் உண்டா என்று அங்கே தெரியும். லண்டனுக்கு ஓடிவரத் தேவையில்லை. உன் லீட்ஸிலேயே பார்க் ஸ்குவயரில் நல்ல சேம்பர்ஸ் இருக்கின்றன. காலை ஒன்பதரைக்கு எடுக்காதே, எல்லோரையும் நீதிமன்றத்துக்கு அனுப்புகிற பரபரப்பு. மாலை நாலு மணிக்கும் வேண்டாம், அடுத்த நாள் பட்டியலோடு மல்லுக்கட்டுவார்கள். பதினொன்றரை நல்ல நேரம்.

அந்த முதல் கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதே, தபால் முத்திரைத் தேதி வேண்டும். லீஸின் பிரதியை எனக்கும் ஒன்று அனுப்பு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், இப்போது சின்ன எழுத்தும் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை கதைத்துவிட்டு, கிளார்க் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று ஒன்றும் விடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா