மூன்றாம் குவார்ட்டருக்கு மார்க் இல்லை

அன்புள்ள இனியனுக்கு,

லைனின் கோடியில் நின்று பிளாக்கும் செய்து பாஸும் வாங்கும் டைட் எண்டாக நீ ஆடிய சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் படத்தை இரண்டு கோணத்திலும் பார்த்து முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் "கிரேடு என்னப்பா?" என்று கேட்கிறவன் நீ. இந்த வாரம் கேட்கவில்லை. போனும் எடுக்கவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது. படிப்பு நெருக்கியிருக்கும். நீ கேட்காவிட்டாலும் ஸ்னாப் ஸ்னாப்பாக, பந்து கிளம்பிய ஒவ்வொரு முறையையும் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒரேயடியாகப் படிக்க வேண்டாம். கண் வலித்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்குப் படி.

முதலில் பிளாக், அதாவது பந்தோடு ஓடுகிறவனுக்காக எதிராளியைத் தடுப்பது. அதற்குக் களத்தின் கோடியில், எண்ட் ஸோன் பக்கத்துக் கேமராவைத்தான் நம்ப வேண்டும். கை எங்கே விழுந்தது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் சைடுலைன் படத்தில் தெரியாது. ஒரே ஸ்னாப்பை மூன்று தடவை ஓட்டினேன்: ஒரு தடவை காலுக்கு, ஒரு தடவை கைக்கு, ஒரு தடவை விசில் ஊதும்வரை என்ன நடக்கிறது என்று பார்க்க. ரன் பிளாக் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பத்துக்கு ஏழு என்று போடுகிறவர்கள் டைட் எண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்பக்கம் நிற்பவனை அடைக்கும் டவுன் பிளாக்கில் தேறியவன், வெளியே நிற்பவனை உள்ளே அடைக்கும் ரீச் பிளாக்கில் தோற்பான். யாரைப் பிளாக் செய்தான் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் ஆழத்தில் நிற்கும் ஒரு சேஃப்டியை நகர்த்துவதும் எதிரணி லைனின் கோடியில் நிற்கும் 260 பவுண்டு டிஃபென்சிவ் எண்டை நகர்த்துவதும் ஒன்றாகாது.

உன் டவுன் பிளாக் எனக்கு முழுத் திருப்தி. முதல் அடி 45 டிகிரி உள்ளே விழுகிறது, ஹெல்மெட் எதிராளிக்கு முன்பக்கம் போகிறது, அவனால் இடுக்கில் நுழைய முடியவில்லை. போன வருடம் முதல் அடியிலேயே உடம்பு மேலே எழும்பிவிடும். இப்போது ஆறு அங்குலத்துக்குள் வைத்து, இரண்டாவது காலும் தரையில் ஊன்றிய பிறகு மோதுகிறாய். கட்டைவிரல் மேல்நோக்கி, இரண்டு கையும் அவன் நெஞ்சுத் தட்டுக்குள் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வை: தலை முன்பக்கம் போவது வேறு, தலையால் முட்டுவது வேறு. கண் மேலே இருக்க வேண்டும். எதிராளியின் மோவாய் தெரியவில்லை என்றால் உன் தலை கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

உன் பக்கத்தில் நிற்கும் டாக்கிளோடு சேர்ந்து ஒருவனைத் தள்ளும் காம்போவில் பாதிதான் சரி. இருவர் இடுப்பும் ஒட்டியிருக்க வேண்டும், நாலு கையும் டிஃபென்சிவ் எண்ட் மேல், நாலு கண்ணும் அவனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் உன் பக்கம் வந்தால்தான் நீ கிளம்ப வேண்டும். முதல் பாதியில் அவன் அசைவதற்கு முன்பே கிளம்பிவிட்டாய். டாக்கிள் தனியாக மாட்டிக்கொண்டான், நீ போன இடத்தில் லைன்பேக்கரும் இல்லை. இரண்டாம் மட்டத்துக்குப் போகிற ஆர்வம் உன் வயதில் எல்லோருக்கும் வருவதுதான். முதல் வேலை முடிந்த பிறகு போ.

ஆனால் அந்த ஸ்பிளிட் ஸோன் ஸ்னாப் இருக்கிறதே! ஃபார்மேஷனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, லைன்மேன்களின் குதிகாலை ஒட்டிப் போய்ப் பின்பக்க எண்டை வெளியே தள்ள வேண்டும். அவன் அதை எதிர்பார்த்து உள்பக்கமாக நெருக்கினான். முரட்டுத்தனமாக அவனை வெளியே தள்ளப் பார்த்திருந்தால் இரண்டு பேரும் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் வழியில் விழுந்திருப்பீர்கள். நீ ஓட்டத்திலேயே அவன் தோளைப் படித்து, வெளிப்பக்கமாகச் சுற்றி உள்ளே அடைத்துவிட்டாய். பேக்கும் அதைப் பார்த்து வெளியே வெட்டினான். 14 யார்டு. ஆட்டப் புள்ளிவிவரப் பெட்டியில் உன் பெயர் வராது. நம் பள்ளிப் பையன்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டினேன், "இது யார் தெரியுமா?" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ரீச் பிளாக். உன் வெளித்தோளுக்கு வெளியே 9 டெக்னிக்கில் நிற்கிற எண்டை உள்ளே அடைப்பது டைட் எண்ட் வேலையிலேயே கஷ்டமானது. முதல் அடி அகலமாக, கொஞ்சம் பின்வாங்கி விழ வேண்டும். உள்கை அவன் நெஞ்சுக்கு, வெளிக்கை அவன் வெளிக் கக்கத்துக்கு. பிறகு இடுப்பைச் சுழற்றி அவனுக்கும் சைடுலைனுக்கும் நடுவில் வர வேண்டும். முதல் குவார்ட்டரில் செய்தாய். களைத்த பிறகு கால் போவதற்கு முன் கை போனது. கால் பின்தங்கினால் இடுப்பு மடியும், இடுப்பு மடிந்தால் கழுத்து நீளும், தலை முதலில் போய்ச் சேரும். எதிராளி கையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அதோடு முடிந்தது. இது வலுவில்லாததால் வருவதில்லை. கால் ஓய்ந்ததால் வருவது. அதனால்தான் பிளாக்கரை எடைபோட முதல் பாதி போதாது, மூன்றாம் குவார்ட்டரிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண் மேலே, தம்பி. களைத்தால் கையைத் தூக்கி வெளியே வா. வெளியே வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாஸ் பாதுகாப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எண்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாஸ் வாங்க ஓடும் ரூட்டுக்குப் போகும்போது தோளால் தட்டு. இரண்டு கையும் போட்டு நின்றால் உன் ரூட் தாமதமாகும்.

ரிசீவிங்குக்கு சைடுலைன் படம். பந்து வந்த ஸ்னாப்பை மட்டும் பார்க்கிறவன் டைட் எண்டைப் பாதிதான் பார்க்கிறான். பந்து வராத ரூட்டில் எப்படி ஓடுகிறான் என்பதில்தான் அவன் பழக்கம் தெரியும். நீ எல்லா ரூட்டையும் ஒரே வேகத்தில் ஓடுகிறாய், அதில் எனக்குப் பெருமை. லைனிலிருந்து விடுபடுவது இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. லைன்பேக்கர் நெஞ்சில் கை வைத்ததும் நீ அவனோடு மல்லுக்கட்டுகிறாய். அவன் கை வருவதற்குள் அருகிலிருக்கும் தோளை இறக்கி, கையால் கீழிருந்து கிழித்துக்கொண்டு போ. ஒரு நொடி அங்கே தாமதித்தால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அடுத்த ஆளைப் பார்த்துவிடுவான்.

நடுச்சந்தில் ஓடும் ஸீம் ரூட்டை நன்றாகப் படிக்கிறாய். ஆழத்தில் ஒரே சேஃப்டி என்றால் நேராக, ஹாஷ் கோட்டை விடாமல். இரண்டு சேஃப்டி என்றால் அவர்களுக்கு நடுவே உள்ளே வளைய வேண்டும். அதைச் சரியாகச் செய்தாய். ஆறு யார்டு ஓடித் திரும்பும் ஸ்டிக் ரூட்டில், எதிரணி இடம் பிரித்துக் காக்கும் ஸோன் என்றால் ஓட்டை கண்டதும் நின்று குவார்ட்டர்பேக்குக்கு நெஞ்சைக் காட்டு, ஆளுக்கு ஆள் காவல் என்றால் நிற்காமல் ஓடு. அந்த முடிவை எடுப்பதில், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் ஆடிய டைட் எண்ட் ஜோர்டன் ரீடை மிஞ்சியவர் அந்தக் காலத்தில் குறைவு. லைன்பேக்கரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து மறுபக்கம் உடைப்பார். 2015-இல் வாஷிங்டனுக்காக 87 கேட்ச், 952 யார்டு, 11 டச் டவுன். பழைய படம் கிடைத்தால் பார். அவரைப் பற்றிக் கீழே மறுபடி எழுதுகிறேன்.

கையைப் பற்றி: நெஞ்சுக்கு மேலே வருகிற பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே என்றால் சுண்டுவிரல்கள். நீ நெஞ்சில் வாங்குவதை விட்டுவிட்டாய். பிடித்த பிறகு பந்து கக்கத்துக்குள் போகும்வரை கண் அதிலேயே இருக்கிறது. முதல் பாதியில் உன்னிடம் வந்த பந்தெல்லாம் பிடித்தாய், மோதிப் பிடித்தது உட்பட.

நீ எப்போதும் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சியின் ரூட்டையே போட்டுப் பார்க்கிறாய். தப்பில்லை. ஆனால் ஜார்ஜ் கிட்டிலையும் பார். ஐயோவா பல்கலைக்கழகத்தில் மொத்தமே 48 கேட்ச். 2017 என்.எஃப்.எல். டிராஃப்டில், அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தார்கள். அடுத்த வருடம் 1,377 யார்டு. பிளாக் செய்யத் தெரிந்ததால் அவரை எந்த டவுனிலும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. அவர் களத்தில் நின்றால் ஓட்டமா பாஸா என்று எதிரணிக்குப் பிடிபடாது. நீயும் அந்த வகை. உன் உயரத்துக்கும் வேகத்துக்கும் அதுதான் வழி.

சித்தப்பா வீட்டு விஷயம், அப்பத்தாவின் டிக்கெட் எல்லாம் எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

மூன்றாம் குவார்ட்டரில், மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் ஒரு யார்டு வேண்டும். அதே டவுன் பிளாக். நீ களைத்திருந்தாய், இடுப்பு மடிந்தது, தலை கீழே. அதே நேரம் லைன்பேக்கர் இடுக்கை அடைக்க நேராக வந்தான். ஹெல்மெட்டின் உச்சியில் உச்சி மோதியது. எழுந்துவிட்டாய். ஆனால் அணி கூடும் ஹடுலுக்குப் போகாமல் எதிர்த்திசையில் இரண்டடி வைத்தாய். உங்கள் லைனில் ஆடும் கார்டு உன் ஜெர்சியைப் பிடித்துத் திருப்பினான். அடுத்த ஸ்னாப்பில் கையைத் தரையில் ஊன்றினாய், எடுத்தாய், மறுபடி ஊன்றினாய்.

அடுத்து உங்களுக்குப் பந்து கிடைத்த டிரைவில் உனக்கு வெளியே ரிசீவரும் கோட்டில் நின்றிருந்தான். அப்படி நின்றால் உனக்குப் பாஸ் வாங்கும் தகுதி போய்விடும் என்பது பள்ளியில் முதல் வருடத்திலிருந்து உனக்குத் தெரியும். எப்போதும் பக்கவாட்டில் திரும்பி அவன் காலைப் பார்ப்பாய், அவனை ஒரு அடி பின்னால் தள்ளச் சொல்வாய். அன்று திரும்பவே இல்லை. ரூட் ஓடினாய், கொடி விழுந்தது, ஐந்து யார்டு. பிறகு அந்த ஸ்டிக். யாரும் பக்கத்தில் இல்லை, பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. பந்து பட்ட பிறகுதான் கை எழுந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவர் இதைக் 'கடைசியில் கவனம் சிதறுகிறது' என்று எழுதிவிட்டுப் போவார். நான் எழுத மாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். அந்த மோதலுக்குப் பிறகு வந்த எந்த ஸ்னாப்புக்கும் நான் மார்க் போடவில்லை. பந்தை விட்டதற்காக உன் மேல் கோபமும் இல்லை. அதற்குத்தான் போன் எடுக்கவில்லை என்றால் எடு.

ஜோர்டன் ரீடுக்குத் தலையில் அடி மேல் அடி. 2019 சீசன் முழுவதும் ஆட முடியவில்லை. 2021-இல் அதன் காரணமாகவே ஓய்வு பெற்றார். அவ்வளவு நல்ல கை.

அதனால் கேட்கிறேன். தலை வலிக்கிறதா? வகுப்பில் வெளிச்சம் கூசுகிறதா? படித்ததையே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதா? தூக்கம் அதிகமாகவோ குறைவாகவோ இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் நாளைக் காலையில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரிடம் போ. பயிற்சியாளரிடம் இல்லை, டிரெய்னரிடம். நீ நன்றாக இருந்தபோது, சீசனுக்கு முன் எடுத்த பேஸ்லைன் சோதனை அவர்களிடம் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "லேசாகத்தான் இருக்கு" என்று நீ தொடங்காதே. என்ன நடந்தது என்று சொல், லேசா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும். சந்தேகம் இருந்தாலே அன்று ஆட விடக் கூடாது என்பது விதி. உன்னை ஏன் விட்டார்கள் என்று நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், அது உன் வேலை இல்லை.

தலையில் இப்படி அடிபட்ட பிறகு களத்துக்குத் திரும்பி வருவது ஆறு படி. அன்றாட நடமாட்டம், லேசான சைக்கிள், தனியாக ரூட் ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு முழு மோதல் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தொந்தரவு திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை நீ ஆடவில்லை என்றால் இரண்டாவது ஆள் ஆடட்டும். அவன் ரீச் பிளாக்கும் மோசமில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயே சொன்னால்தான் நல்லது. இன்று இரவு எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, கூப்பிடு. மார்க் பற்றிப் பேச வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஹெல்மெட்டை உபகரண அறையில் மறுபடி சரிபார்க்கச் சொல். முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். முகக் கம்பியைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே திரும்ப வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றக் கூடாது. அது சரியாக இருந்தாலும் மூளை அதிர்வதைத் தடுக்காது. அதனால் டிரெய்னரிடம் முதலில் போ, ஹெல்மெட் பிறகு.