எலுமிச்சம்பழ அளவு ஆலங்கட்டி

பிளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். காவேரிப்பட்டணம் மண்டியில் பெங்களூரா மாங்காய் விலை இறங்கிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். இங்கே என் கவலை கூரை.

ஏப்ரலில் ஆலங்கட்டி மழை. நம்மூரில் விழுவது புளியங்கொட்டை அளவுதான், இது எலுமிச்சம்பழம். இங்கே ஓடு கிடையாது, தளமும் கிடையாது. மரச் சட்டத்தின் மேல் தார் பூசி மணல் ஒட்டிய அட்டை, ஷிங்கிள் என்பார்கள். அந்த மணல் உதிர்ந்து தாழ்வாரக் குழாயடியில் கறுப்பு ரவை மாதிரி குவிந்து கிடந்தது. மாடி அறை சீலிங்கில் காபிக் கறை போல ஒரு வட்டம்.

இன்சூரன்ஸ் கேட்டேன். கம்பெனி ஆள் கால் மணி நேரம் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் கடிதம் வந்தது: கூரை பழசாகித் தேய்ந்தது, பணம் கிடையாது.

பட்டா மாறுதல் மனு தள்ளுபடியானபோது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: "எந்த விதியில தள்ளினாங்கன்னு எழுத்துல கேளுடா." அதையே செய்தேன். முழு பாலிசியை வாங்கிப் படித்தேன். வீடு வாங்கியபோது கூரை நன்றாக இருப்பதாகத் தந்த அறிக்கை, ஏசி தகட்டில் விழுந்த பள்ளங்களின் படம், கூரை மேஸ்திரியின் மதிப்பீடு, எல்லாம் சேர்த்து மறு ஆய்வு கேட்டு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். மாநில இன்சூரன்ஸ் துறைக்கும் புகார் போட்டேன், அதற்குக் கட்டணம் இல்லை. நடுவில் ஒருவர், 'நான் வாதாடி வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கொடுங்கள்' என்றார். இந்த மாநிலத்தில் இப்படி வாதாட வருபவர்கள் அதற்கு மேல் கேட்க முடியாது. அந்தப் பத்தும் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கம்பெனியிலிருந்து இரண்டாவதாக வந்தவரோடு மேஸ்திரியையும் மேலே ஏற்றினேன். சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி சதுரம் போட்டு, அடிபட்ட இடத்தையெல்லாம் வட்டமிட்டு எண்ணினார்கள். முதலில் வந்தவர் சாக்பீஸையே எடுக்கவில்லை!

சரி, இப்போது ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஆலங்கட்டிக்கு முதல் 2 சதவீதம் நம் கையிலிருந்து. வீட்டை 4 லட்சம் டாலருக்கு இன்சூர் செய்திருப்பதால் 8,000 டாலர் என் தலையில்.

2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் வந்தது போன்ற வெள்ளத்துக்கு இந்த பாலிசி பைசா தராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். இதுவும் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆடி முடிந்ததும் கூரை வேலை. அம்மாவிடம் அந்த 8,000 கணக்கை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்