ஏர்போர்ட் வேன் ஏன் லேண்டிங் ஆன உடனே கிளம்பறதில்ல – நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி ஏர்போர்ட்ல இருந்து நம்ம வேன்ல ஊருக்குள்ள வர்றவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதுறோம், ஏன்னா ஆபீஸ் போனுக்கு ராத்திரியில வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், "ஃபிளைட் எப்பவோ இறங்கிடுச்சு, வேன் ஏன் இன்னும் எடுக்கல?"

ஃபிளைட் இறங்குறது வேற, ஆள் வெளிய வர்றது வேறங்க. இமிகிரேஷன் லைன், பெல்ட்ல பெட்டி, அப்புறம் கஸ்டம்ஸ், இதெல்லாம் தாண்டணும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு ரெண்டு மூணு ஃபிளைட் அடுத்தடுத்து வந்துட்டா கேக்கவே வேணாம். 2024 ஜூன்ல இருந்து ஓடுற புது டெர்மினல் பழசை விட ரொம்பப் பெருசுதான், பீக் நேரத்துல 3,500 பேர் வரைக்கும் தாங்கும்னு கட்டியிருக்காங்க, ஆனா கழுத்துல கிடக்குற செயினுக்கு கணக்கு கேட்டு ஒருத்தரை நிக்க வெச்சுட்டா டெர்மினல் பெருசா இருந்து என்ன பண்றது. அதனாலதான் லேண்டிங் ஆகி ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு வேன் எடுக்குறோம். அதுக்கு மேல யாருக்காகவும் நிக்கிறதில்ல, முன்னாடி வந்து உக்காந்திருக்கவங்களுக்கு ஊருக்கு பஸ் பிடிக்கணும்ல. லேட்டா வர்றவங்களுக்கு அடுத்த வேன்ல சீட் உண்டு, தனியா காசு கிடையாது.

தேதி விஷயம் ஒண்ணு. டிக்கெட்ல அந்தந்த ஊர் டைம்தான் போட்டிருக்கும், மலேசியா, சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கோலாலம்பூர்ல 15-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுனா இங்க இறங்குறப்போ 16 பொறந்திருக்கும், ஆனா நிறைய பேர் ஏறுற தேதியை சொல்லி 15-க்கு புக் பண்ணிடுறாங்க. இங்க இறங்குற தேதியோட ஃபிளைட் நம்பரையும் வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, ஃபிளைட் லேட்டானாலும் அதை வெச்சு நாங்களே பாத்துக்குவோம்.

அடுத்தது பஞ்சப்பூர், திருச்சியோட புது பஸ் ஸ்டாண்ட். 2025 ஜூலைல வெளியூர் பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் அங்க போயிடுச்சு. முன்னாடி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விட்டுட்டு அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போயிடுவோம், இப்போ சத்திரம் ஒரு பக்கம், பஞ்சப்பூர் இன்னொரு பக்கம், ரெண்டையும் ஒரே வேன்ல சுத்துனா கடைசில இறங்குறவர் நம்மள திட்டாம போக மாட்டார். அதான் தனித்தனி வேன். பஞ்சப்பூருக்கு காசு கூடன்னு சொல்றீங்க, நியாயம்தான், ஆனா சென்ட்ரல் தாண்டி கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு தூரம் போகுது, டீசலும் அப்படித்தான் குடிக்குது.

புதுக்கோட்டை பக்கம் போறவங்க நம்ம வேன்ல ஏறவே வேணாம், இதை நாங்களே சொல்றோம்! ஏர்போர்ட்டே புதுக்கோட்டை ரோட்லதான் இருக்கு, ஊருக்குள்ள வந்துட்டு அதே வழியா திரும்பிப் போறது வெட்டி வேலை. மெயின் ரோடு வரைக்கும் பெட்டியை கொண்டு போக மட்டும் ஒரு ஆட்டோ பிடிச்சுக்கோங்க, அங்கயே பஸ் ஏறிக்கலாம்.

லக்கேஜ் – ஒரு ஆளுக்கு ரெண்டு பெட்டி, ஒரு கைப்பை. டிவி கொண்டு வந்தா முன்னாடியே சொல்லுங்க, கேரியர்ல கட்ட கயிறும் ஆளும் வேணும். இங்கிருந்து கிளம்புறவங்க ஊறுகாய் டப்பாவை நல்லா டேப் சுத்தி எடுத்துட்டு வாங்க, எண்ணெய் ஒழுகுனா பக்கத்துப் பெட்டிக்காரர் எங்களைத்தான் கேக்குறார்.