வீடு மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள்

அமெரிக்காவில் பதிவான திறமூல அமைப்புகளில் இயக்குநர்களாகவும் உறுப்பினர்களாகவும் இருக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, எழுதி வெளியிட்ட நிரல்களோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. உங்களில் சிலர் இயக்குநர் குழுக் கூட்டங்களில் உட்காருகிறீர்கள். நிறையப் பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது வாக்களிக்கிறீர்கள். எனக்கு அந்த வாக்கு இல்லை. சென்னையில் இருந்துகொண்டு, நீங்கள் வெளியிடுவதை எடுத்துப் பயன்படுத்தி, மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறவன் நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் அமைப்பு சட்டப்படி எந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற கேள்வியை, தலைக்கு மேல் பிரச்சினை எதுவும் இல்லாத இந்த நேரத்திலேயே உறுப்பினர்கள் முன்னால் வையுங்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997இல் கிண்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு அரசு ஆய்வுக்கூடத்துக்காக சிக்னல் பிராசசிங் போர்டு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அதற்கான முக்கியமான சிப் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். ஆர்டர் போட்டு, முன்பணமும் கட்டியாகிவிட்டது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. சில வாரங்களில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. இரண்டே வரி. அனுப்ப இயலாது, பணம் திரும்ப வரும். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ., அணுசக்தித் துறை என்று ஏராளமான இந்திய அமைப்புகளின் பெயர்கள் அமெரிக்க வர்த்தகத் துறையின் தடைப் பட்டியலில் ஏறின.

எங்கள் போர்டில் மற்ற எல்லாப் பாகங்களும் பொருத்தியாகிவிட்டது. நடுவில் மட்டும் ஒரு சதுர சாக்கெட் காலியாக இருந்தது. தூசி போகாமலிருக்க அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அலமாரியில் வைத்தோம். வேறு சிப்பை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மின்சாரமே பார்க்காத அந்தப் பழைய போர்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பட்டியலில் இருந்த இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. பிரிவுகளில் பல 2011இல்தான் அதிலிருந்து வெளியே வந்தன.

அதனால் 2019இல் ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு சுவிட்சர்லாந்துக்குப் போகிறது என்ற செய்தி வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு செயலி எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதற்கான திறந்த வரையறைதான் ரிஸ்க்-ஃபைவ். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2015இல் அதைப் பராமரிக்க லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றை உருவாக்கி, டெலவர் மாநிலத்தில் பதிவு செய்தார்கள். 2019 மே மாதம் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே மீது அமெரிக்கத் தடை வந்ததும், செயலிகளை வடிவமைக்கும், பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ம் நிறுவனமே தன் வடிவமைப்பில் அமெரிக்கத் தொழில்நுட்பம் கலந்திருக்கிறது என்று சொல்லி ஹுவாவேயுடனான வேலையை நிறுத்தியதாகச் செய்தி வந்தது. ரிஸ்க்-ஃபைவ் அமைப்பின் பல நாட்டு உறுப்பினர்களுக்கும் இப்படிப்பட்ட கவலை இருந்தது. நாளைக்கு இதே நிலை நமக்கும் வந்தால்? அமைப்பின் பதிவு அமெரிக்காவில் இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். 2020 மார்ச்சில் ரிஸ்க்-ஃபைவ் இன்டர்நேஷனல் ஒரு சுவிஸ் சங்கமாக ஜூரிக்கில் குடியேறிவிட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி இதே ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளின் மேல் கட்டப்பட்டது. இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காக உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் சண்டிகரில் தயாராகி, வெற்றிகரமாக இயங்கியது என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 1998இல் பட்டியலில் பெயர் ஏறிய அதே இஸ்ரோ. என் மாணவர்கள் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் (விருப்பப்படி மாற்றியமைக்கக்கூடிய சிப் உள்ள பலகை) சக்தியை ஏற்றி, திரையில் முதல் வரி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலி சாக்கெட்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டளைகளை அனுப்ப முடியாது என்று யாரும் ஃபேக்ஸ் அனுப்ப முடியாது. ஏற்கெனவே பொதுவில் வெளியிட்டாகிவிட்டது. அப்படி வெளியான தகவலுக்கு அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமே பொதுவாக விலக்கு தருகிறது.

அப்படியானால் பதிவு இடம் எங்கே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

டெலவரில் வில்மிங்டன் நகரத்தில், வடக்கு ஆரஞ்சுத் தெரு 1209ஆம் எண்ணில், ஒரே ஒரு தளம் கொண்ட சாதாரணக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. 2012 கணக்குப்படி 2,85,000 நிறுவனங்களுக்கு அதுதான் சட்டப்படி முகவரி. அந்த நிறுவனங்களின் ஆட்கள் அங்கே உட்கார்ந்து வேலை செய்வதில்லை. நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் வாங்கி வைக்க ஒரு முகவர் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் யார் நோட்டீஸ் அனுப்பலாம், எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம், அமைப்பையே கலைக்கும்படி எந்த அரசு கேட்கலாம் என்பதையெல்லாம் பெருமளவு அந்தப் பதிவு முகவரிதான் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி உருவான அமைப்பு, தடைச் சட்டங்களின் கண்ணில் ஒரு 'அமெரிக்க நபர்'. தடைப் பட்டியலில் உள்ள ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பதும், அவரிடம் சந்தா வாங்குவதும் அந்த நபருக்குக் குற்றமாகிவிடலாம். சுவிஸ் சங்கத்துக்கு அதே கட்டு அப்படியே கிடையாது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். வீடு மாறினால் உறுப்பினரின் உரிமையும் மாறுகிறது. பங்குகள் இல்லாத நிறுவனத்தில் உறுப்பினருக்கு என்ன உரிமை என்பதை டெலவர் சட்டம் பெரும்பாலும் பைலாவிடமே, அதாவது அமைப்பின் சொந்த விதிகளிடமே, விட்டுவிடுகிறது. சுவிஸ் சிவில் சட்டத் தொகுப்பின் 60ஆம் பிரிவிலிருந்து சங்கங்களைப் பற்றி வருகிறது. அதில் பொதுக்குழுதான் உச்ச அமைப்பு. ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். சட்டத்துக்கோ பைலாவுக்கோ மாறாகத் தீர்மானம் போட்டால், அதற்குச் சம்மதிக்காத எந்த உறுப்பினரும் தகவல் தெரிந்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். 75ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாளைக்கு கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் உறுப்பினராகச் சேர்ந்தால், பெரிய உறுப்பினர்களின் முடிவை எதிர்த்து நிற்க அதன் கையில் ஏதாவது இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இடமாற்றத்தை ஆதரிப்பேன்.

ஆனால் வீடு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையில்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவைப் பாருங்கள். 1904இல் பாரிஸில் தொடங்கி, 1932இல் ஜூரிக்குக்கு மாறிய அமைப்பு. அதுவும் அதே 60ஆம் பிரிவின் கீழ் வரும் சங்கம்தான். 2015 மே 27ஆம் தேதி அதிகாலையில் ஜூரிக்கின் போர் ஓ லாக் ஹோட்டலில் அதன் நிர்வாகிகள் ஏழு பேரை சுவிஸ் போலீஸ் கைது செய்தது. கேட்டது அமெரிக்கா, வழக்கு நியூயார்க்கில். அவர்கள் மீதான ஊழல் குற்றச்சாட்டுக்கும் நாம் பேசும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பணம் அமெரிக்க வங்கிகள் வழியாகப் போனதால், ஜூரிக் முகவரி அங்கே குறுக்கே நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தும் எல்லா விஷயத்திலும் ஒதுங்கி நிற்கும் நாடு இல்லை. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைகளை அதுவும் ஏற்றுக்கொண்டது.

மனிதர்களும் அப்படித்தான். அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ எந்த ஊரில் இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டம் கூடவே வரும். உங்களில் பலருக்கு இது சொந்த அனுபவமாகத் தெரியும். 2023 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், தங்கள் நாட்டவர் ரிஸ்க்-ஃபைவ் விஷயத்தில் சீன நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்வதற்கே கட்டுப்பாடு வேண்டும் என்று அரசை வலியுறுத்தினார்கள். அமைப்பு ஜூரிக்குக்குப் போய் மூன்றரை வருடம் ஆகியிருந்தது. 2024 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய பலரின் பெயர்களை ஒரே பேட்ச்சில், அதாவது ஒரே திருத்தத்தில், எடுத்தார்கள். காரணமாகச் சொன்னது சட்ட இணக்கத் தேவைகள் என்று ஒரே வரி. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு வரி ஃபேக்ஸ் மறுபடியும் வந்த மாதிரி இருந்தது. கெர்னலைப் பராமரிக்கும் முக்கியமானவர்களில் பலர் அமெரிக்காவில் வசிக்கிறார்கள், அல்லது அமெரிக்க நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறார்கள். முகவரி மட்டும் ஐரோப்பாவில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகவே மாறும்போது எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதை எழுதிக் கொடுங்கள். டிரேட்மார்க் யார் பெயரில் இருக்கப்போகிறது? வங்கிக் கணக்கு எந்த நாட்டில்? ரிஸ்க்-ஃபைவ் வரையறைகளின் மூலக் கோப்புகள் இன்றும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. அது அமெரிக்க நிறுவனம். 2019இல் அதே தளம், அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரானிலும் சிரியாவிலும் கிரைமியாவிலும் இருந்தவர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறொரு நாட்டில் ஒரு நகல் வையுங்கள். பெரிய செலவில்லை.

எப்படி மாறுவது என்பதற்கு எக்லிப்ஸ் என்ற திறமூல மென்பொருள் அமைப்பு ஒரு நல்ல முன்மாதிரி. 2004இலிருந்து டெலவரில் இருந்தது. பெல்ஜியத்துக்குப் போகிறோம் என்று 2020 மே மாதமே வெளிப்படையாக அறிவித்தது. அங்கே அரச ஆணையின் மூலம் புதிய சர்வதேச லாப நோக்கமற்ற சங்கத்தை உருவாக்கி, உறுப்பினர்களைப் புதிய ஒப்பந்தத்துக்கு மாற்றி, 2021 ஜனவரியில் வேலையை முடித்தது. அமெரிக்க அமைப்பையும் மூடிவிடவில்லை. அப்படி மூடாமல் வைத்துக்கொள்ள வேறு சில அமைப்புகளுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு அமெரிக்கர்களுக்குப் பொதுவாக வரிச்சலுகை கிடையாது. நன்கொடையை நம்பி நடக்கும் அமைப்பாக இருந்தால் அங்கேயும் ஒரு கிளை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எப்படி மாறக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்கத் துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ. 1871இல் நியூயார்க்கில் பதிவானது. 2020 ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), நிர்வாகிகள் சங்கத்தின் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தார்கள் என்று சொல்லி, சங்கத்தையே கலைக்கக் கோரி வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் என்.ஆர்.ஏ. டெக்சாஸுக்கு மாறப்போவதாக அறிவித்து, டல்லாஸ் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. இயக்குநர்களில் பலருக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்த மனு இல்லை என்று சொல்லி மே மாதம் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அவர்களின் கொள்கையைப் பற்றி இங்கே பேச வரவில்லை. வழக்கு வந்த பிறகு வீட்டைக் காலி செய்தால் ஊர் அதை ஓட்டம் என்றுதான் சொல்லும், நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும்.

ஆகவேதான் இப்போதே என்கிறேன். உங்கள் அமைப்பின் மேல் வழக்கு இல்லை. உங்கள் உறுப்பினர் யாரும் புதிதாகப் பட்டியலில் ஏறவில்லை. நிதானமாகப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாறலாமா என்பதோடு, மாறினால் என்ன செலவு, மாறாவிட்டால் யாரை இழக்க நேரிடும் என்பதையும் ஒரு சின்னக் குழு ஆராயட்டும். அந்தக் குழுவில் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் பாதியாவது இருக்கட்டும். விவாதித்துவிட்டு மாறுவதில்லை என்று முடிவெடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்ன பேசினீர்கள், யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது மினிட்ஸில் இருக்க வேண்டும். வாக்கில்லாத எங்களைப் போன்றவர்களும் படிக்கும்படி அதை வெளியிட வேண்டும்.

யாராவது இதை உங்கள் அமைப்பில் எடுத்துச் சென்றால், சட்டப் பிரிவுகளைத் தமிழில் விளக்கி எழுதவும், இங்கிருக்கும் மாணவர்களின், சிறு நிறுவனங்களின் கருத்துகளைத் திரட்டித் தரவும் நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வன்பொருள் பொறியாளர்
சென்னை