கடைசி சீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் புதுக் கார்களைப் பற்றி வரும் பக்கத்தை நான் விடாமல் படிப்பவள். என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். நாமக்கல்லில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு இரண்டு பேராவது அப்படி இருப்பார்கள். அவரோடு குடித்தனம் நடத்தியதில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் எது, ஆக்சில் என்கிற சக்கர அச்சு எது என்று எனக்கும் தெரியும். ஓட்டத்தான் தெரியாது.

போன ஐப்பசியில் என் மகன் ஏழு பேர் போகிற வண்டி ஒன்று வாங்கினான். பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் 58 மாதத் தவணை பாக்கி இருக்கிறது. அம்மா பேப்பரில் குறை எழுதிவிட்டாள் என்று தெரிந்தால் அவனுக்கு மனசு விட்டுப்போகும். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், வெள்ளை நிறம், அவ்வளவு போதும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறட்டும் என்று காத்திருந்து வாங்கினான். 4 மீட்டருக்குள் அடங்குகிற சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், எங்கள் வண்டிக்கு 40. முன்னால் இதைவிட அதிகம் என்பதால் நாங்கள் சந்தோஷப்பட வேண்டுமாம். பாட்டி, தாத்தா, பேரன், பேத்தி எல்லாரும் ஒரே வண்டியில் போனால் அது ஆடம்பரம் போலிருக்கிறது. சரி, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

கார்த்திகை கடைசியில் பேரனுக்கு முடியிறக்கத் திருச்செந்தூர் கிளம்பினோம். வண்டிக்கு இதுதான் முதல் நெடும்பயணம். முதல்நாளே ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. மிஞ்சிய ஒரு பழத்தை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். ஊர் முட்டைக்குப் பேர்போனது என்றாலும் முருகனிடம் போகிறோம் என்பதால் வண்டிக்குள் முட்டை கிடையாது. புளிசாதம், தயிர்சாதம், ஒரு தூக்குப் போசி நிறைய முறுக்கு.

முன்னால் மகனும் என் வீட்டுக்காரரும். அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருப்பதால் அந்த இடத்தை யாரும் கேட்க முடியாது. நடு வரிசையில் இடப்பக்கம் பேரனின் குழந்தை சீட், பக்கத்தில் மருமகள், வலப்பக்கம் பேத்தி. கடைசி வரிசையில் நானும் சம்பந்தியம்மாவும். எனக்கு 63 வயது, அவருக்கு 61.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் சத்தமே இல்லை. லாரி சத்தத்தில் காது பாதி போன எங்கள் வீட்டுக்காரருக்கே நாங்கள் பின்னால் பேசியது கேட்டுவிட்டது, அதனால் சில பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. வேகம் 80-ஐத் தாண்டியதும் ஒரு மணி அடிக்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களிலெல்லாம் அது கட்டாயமாம். முதல் தடவை அடித்தபோது சம்பந்தி தன் போனைத் தேடினார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. லாரி 4 கொடுத்தாலே கும்பிடு போட்ட எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாயடைத்துப்போனார்.

இனி கடைசி வரிசை.

அங்கே உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. சீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். மணையில் உட்கார்ந்து 400 கிலோமீட்டர் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கீழே ஆக்சில் போகுது, அதனால தரை மேலே வரும். மேலே கூரை பின்னாடி சரியும். நடுவுல மிச்சம் இருக்கறதுதான் உங்க சீட்டு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். போதாததற்கு, டவுன் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி இதுவும் பின் சக்கரத்துப் பக்கம் இருப்பதால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வேலஞ்செட்டியூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் சாலையில் குறுக்கே போட்டிருந்த வெள்ளைப் பட்டைகள் மகனுக்கு டக்டக் என்று கேட்டிருக்கும். எங்களுக்கு அவை முதுகெலும்பு வழியாக வந்தன. ஏசி காற்று நடு வரிசைக்கு மேலிருந்து கிளம்பி, மருமகளைத் தாண்டி, எங்களிடம் வந்து சேரும்போது ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது. கொடைரோடு வருவதற்குள் சம்பந்திக்குத் தலை சுற்றல். அப்போதுதான் அந்த எலுமிச்சம்பழம் வேலைக்கு வந்தது. மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டே மதுரையைத் தாண்டினோம்.

விருதுநகர் தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. கடைசி வரிசையில் இருப்பவர்கள் இறங்க வேண்டுமென்றால் நடு சீட்டை மடக்க வேண்டும். இடப்பக்கம் பேரனின் சீட் இறுக்கிப் பொருத்தியிருக்கிறது, அதில் அவன் தூங்குகிறான். அதை மடக்க முடியாது. அந்த சீட் இல்லாமலும் போக முடியாது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். அபராதம் இல்லாவிட்டாலும் மருமகள் விடமாட்டாள், அவள் செய்வது சரி. ஆக, மிச்சம் இருப்பது வலப்பக்கம். அதாவது வண்டிகள் பறக்கும் பக்கம். பேத்தி இறங்கி நின்று, சீட்டை மடக்கி, நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலை வெளியே வைக்கிறேன், பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கையெட்டும் தூரத்தில் போகிறது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட அங்கே இல்லை. சம்பந்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். "டிக்கியத் திறங்க மாப்பிள்ளை, மாட்ட எறக்கற மாதிரி எறங்கிக்கிறேன்" என்றார். அப்புறம் மகன் வண்டியைப் புங்கமரத்தடிவரை உள்ளே தள்ளி நிறுத்திய பிறகுதான் அவர் இறங்கினார்.

டிக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழு சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் மிச்சம் 200 லிட்டர் சொச்சம் இடம் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறது. லிட்டர் கணக்கு எண்ணெய்க்குச் சரி, எனக்குப் புரியவில்லை. நான் பார்த்த கணக்கு இது: இரண்டு பெட்டிகளை நிற்க வைக்கலாம், மேலே ஒரு ஜமுக்காளம் போடலாம். முறுக்குப் போசி என் மடியில் வந்தது. திரும்பி வரும்போது கருப்பட்டியும் திருநெல்வேலி அல்வாவும் சேர்ந்துகொண்டன.

பின் கண்ணாடிக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பெல்ட் போடச் சலித்துக்கொண்டால் மகன் 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்துபோனதைச் சொல்லுவான், போட்டுக்கொண்டோம். ஆனால் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, மோதல் சோதனையில் வண்டி நட்சத்திரம் வாங்கியது என்றான். அந்த பாரத் என்கேப் சோதனையைப் பற்றி உங்கள் பக்கத்தில்தான் படித்திருக்கிறேன். 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாக மோதவிடுகிறார்கள். முன் சீட்டில் பெரியவர் பொம்மைகள், பின்னால் குழந்தைப் பொம்மைகள். கடைசி வரிசையில் பாட்டி பொம்மை கிடையாது.

திருச்செந்தூரில் நல்ல தரிசனம். பேரன் ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தான்.

திரும்பும்போது நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். திருநெல்வேலியிலிருந்து மருமகள் ஓட்டட்டும், அவள் நன்றாகவே ஓட்டுவாள். நானும் சம்பந்தியும் நடு வரிசைக்கு வருகிறோம், மகன் பேத்தியோடு கடைசியில் உட்காரட்டும். ஆள் ஐந்தடி பத்தங்குலம். கயத்தாறு வரை பேத்திக்குக் கதை சொன்னான். அதற்கப்புறம் பேச்சில்லை. கோவில்பட்டி பக்கம் வந்ததும் "கடலைமிட்டாய் வாங்கணும், நிறுத்து" என்றான். அவன் கடலைமிட்டாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தான். "ஏம்மா, போகும்போதே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். கொடைரோட்டிலேயே சொன்னேன். ஏசி சத்தம் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும், வாங்குவதற்கு முன் அவன் வெட்டி வைத்திருந்த உங்கள் வாகனப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இன்ஜினுக்கு நாலு பத்தி. 0-விலிருந்து 100-ஐ எத்தனை நொடியில் தொடுகிறது என்று ஒரு பத்தி. ஸ்டீயரிங், தொடுதிரை, வளைவில் எப்படி நிற்கிறது, எல்லாம் இருக்கிறது. கடைசி வரிசைக்கு ஒரே ஒரு வரி: குழந்தைகளுக்கு ஏற்றது. ஐயா, குழந்தையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை. குழந்தை அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கடைசி வரிசைக்குப் போவது, யார் சொன்னாலும் சரி என்று தலையாட்டும் கிழவிகள். நானே மருமகளாக இருந்தால் எனக்கும் அப்படித்தான் இடம் ஒதுக்கியிருப்பேன்.

ஏழு சீட் வண்டியை எழுதும்போது, ஓட்டுகிற இளைஞரோடு அறுபது வயதான ஒருவரையும் அனுப்புங்கள். அவரைக் கடைசி வரிசையில் நூறு கிலோமீட்டராவது உட்கார வையுங்கள். குழந்தை சீட்டைப் பொருத்தி வைத்துவிட்டு அவரை இறங்கச் சொல்லுங்கள், புடவையோடு. ஏழு பேர் ஏறிய பிறகு டிக்கியில் எத்தனை பெட்டி போகிறது என்று அடுக்கிப் பாருங்கள். 11 லட்சம், 12 லட்சம் கடன் வாங்கிப் போடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். சோதனை ஓட்டத்துக்கு அப்பாவும் மகனும் மட்டும் போய் முன் சீட்டில் மூன்று கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்ததுதான் எங்கள் வீட்டில் நடந்த தப்பு.

அந்த வேலைக்கு உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் நானும் சம்பந்தியும் தயார். எலுமிச்சம்பழம் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்.